ஊர் கூடி இழுத்த தேர்

வரலாறு என்றாலே மன்னர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுந்தாம் என்று எண்ணும் மாணவர்கள் இன்றும் உளர். அவர்களை நொந்து பயனில்லை. ஆண்டுகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இவற்றை மனனம் செய்க என்று கூறி அமர்ந்துவிடும் ஆசிரியர்களாகிய நமக்கும் அதில் பங்குண்டு. எண்கள் வரலாற்றின் எலும்புகள். எலும்பில்லாமல் உடல் நிற்காது என்பது உண்மையே. ஆயினும் எலும்புகளை மட்டும் அடுக்கிக் காட்டி, 'இவர்தாம் அந்த மனிதர்' என்று அறிமுகம் செய்தால் யார் ஏற்பர்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி நூலகத்தில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் விளையாட்டுகளைப் பற்றிய பெரிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தான். சிறிது நேரத்தில் அந்நூலைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டான். அமெரிக்கக் காற்பந்துக் குழு ஒன்றின் வெற்றி தோல்விக் கணக்கு ஆண்டு வாரியாக ஒரு பக்கம் முழுவதும் அச்சிடப்பட்டிருந்தது. அதில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தான். 1958: வெற்றி 1, தோல்வி 10, சமன் 1. அதற்கு மேலிருந்த பத்து வரிகளிலும் வெற்றி தோல்வியை விஞ்சிய ஆண்டு ஒன்றுகூட இல்லை. "ஐயா, இப்படித் தோற்றுக்கொண்டே இருந்த குழுவை ஏன் கலைத்துவிடவில்லை?" என்று கேட்டான்.

நல்ல வினா. அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர்த் தேடிப் படித்தேன். அவ்விடையே இக்கட்டுரையாக விரிகின்றது.

ஊரும் ஆட்டமும்

அக்குழுவின் பெயர் கிரீன் பே பேக்கர்ஸ். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில், விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் ஒரு கிளை நிலத்துக்குள் நுழையும் இடத்தில் அமைந்தது கிரீன் பே நகரம். காகித ஆலைகள், பால் பண்ணைகள், இறைச்சி பதனிடும் தொழிற்சாலைகள் ஆகியவற்றை நம்பி வாழ்ந்த ஊர் அது. 1920ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 31,000 மக்கள் வாழ்ந்தனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் 1 இலட்சத்து 7 ஆயிரம் பேரே இருந்தனர். நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்களின் குழுக்களோடு இச்சிற்றூரின் குழுவும் அதே பந்தயத்தில் நூறாண்டுக்கு மேலாக நிற்கின்றது என்பதே வியப்புக்குரியது.

அமெரிக்கர் காற்பந்து என்று அழைப்பது நாம் ஆடும் காற்பந்தன்று. பந்து முட்டை வடிவினது. குழுவுக்குப் பதினொருவர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். முன்னோக்கி எறிந்து தம்மவரைப் பிடிக்கச் செய்யலாம். பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் முன்னேறாவிடில் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைச் சேர்த்தால் ஆறு புள்ளிகள். இலையுதிர் காலத்தில் தொடங்கிக் கடுங்குளிர் வரை நீளும் ஆட்டக் காலத்தைப் பருவம் என்பர். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஒரு குழு பட்டம் பெறும். இவ்வளவு தெரிந்தால் மேலே செல்வதற்குப் போதும்.

தொடக்கம்: 1919 முதல் 1928 வரை

1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் மாலை, கிரீன் பே பிரஸ் கெசட் என்னும் நாளிதழின் ஆசிரியர் பகுதியில் ஊர் இளைஞர் சிலர் கூடினர். அவர்களைக் கூட்டியவர் இருவர். ஒருவர் அவ்விதழின் செய்தியாளர் ஜார்ஜ் விட்னி கால்ஹூன். மற்றவர் கர்லி லாம்போ என்னும் இருபத்தோரு வயது இளைஞர். லாம்போ நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பயிற்றுநர் நூட் ராக்னியிடம் ஒரு பருவம் ஆடிவிட்டு, தொண்டை நோயால் படிப்பை விட்டு ஊர் திரும்பியவர். இந்தியன் பேக்கிங் கம்பெனி என்ற இறைச்சித் தொழிற்சாலையில் எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். சட்டைக்கும் கருவிகளுக்கும் 500 டாலர் தருமாறு முதலாளியிடம் கேட்டார். அவர் பணமும் தந்தார். பயிற்சிக்குத் திடலும் தந்தார். இறைச்சியைத் தகரங்களில் அடைத்து அனுப்பும் தொழிலாளரைக் குறிக்கும் 'பேக்கர்ஸ்' என்ற சொல்லே குழுவின் பெயராயிற்று. அந்நிறுவனம் விரைவில் கைமாறி மறைந்தது. உதவியவரை நினைவூட்டும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

முதற் பருவத்தில் அண்டை ஊர்க் குழுக்களோடு ஆடிப் பத்தில் வென்று ஒன்றில் தோற்றனர். எடுத்த புள்ளிகள் 565, கொடுத்தவை 12. வேலியில்லாத் திடலில் பார்வையாளரிடையே தொப்பியை நீட்டிக் காசு திரட்டினர். பருவ முடிவில் ஆளுக்குக் கிடைத்தது 16 டாலர் 75 காசு.

1921ஆம் ஆண்டு, ஓராண்டுக்கு முன் ஒஹாயோவின் கேன்டன் நகரில் தோன்றியிருந்த தொழில்முறைக் காற்பந்துக் கழகத்தில் இக்குழு சேர்ந்தது. அதே பருவத்தில் ஒரு தவறும் செய்தது. கல்லூரி மாணவரைப் பொய்ப் பெயரில் களத்தில் இறக்கியது. கழகம் அதன் உரிமையைப் பறித்தது. 1922இல் லாம்போ மன்னிப்பு வேண்டி உரிமையை மீட்டார். இதனை மறைத்து எழுதுவதில் பயனில்லை. தவறு செய்தவர் அதற்குரிய விலையைக் கொடுத்துத் திரும்பி வந்ததும் வரலாறே.

மீண்ட பருவத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் மக்கள் வரமாட்டார். நுழைவுக் கட்டணம் வராது. எனவே மழைக்கெனக் காப்பீடு செய்திருந்தனர். ஓர் ஆட்டத்தன்று பெய்த மழை, ஒப்பந்தம் குறித்த அளவைவிட ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கு குறைந்து போயிற்று என்றும், அதனால் காப்பீட்டுத் தொகை கிட்டவில்லை என்றும் அவ்வூர் வரலாறு கூறும். நவம்பர் இறுதியில் நன்றி நாளன்று நடைபெறவிருந்த ஆட்டத்திற்கும் மழை. ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று லாம்போவும் கால்ஹூனும் தயங்கி நின்றபோது, நாளிதழின் மேலாளர் ஆண்ட்ரூ டர்ன்புல் குறுக்கிட்டார். ஆட்டம் நடக்கட்டும், கடனுக்கு ஊராரைத் திரட்டுவது என் பொறுப்பு என்று உறுதியளித்தார்.

சொன்னபடி செய்தார். 1923ஆம் ஆண்டு குழு ஊர்ப் பொது நிறுவனமாகப் பதிவு பெற்றது. பங்கு ஒன்று 5 டாலர். கடைக்காரரும் மருத்துவரும் தொழிலாளரும் வாங்கிய பங்குகளால் 5,000 டாலர் சேர்ந்தது. இப்பங்கின் விதிகளை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பங்குக்கு இலாபம் கிடையாது. விலை ஏறினால் விற்றுப் பணம் பண்ணவும் இயலாது. குழு என்றேனும் கலைக்கப்பட்டு உடைமைகள் விற்கப்படுமாயின், அத்தொகை பங்குதாரருக்குப் போகாமல் போரில் உயிர்நீத்த அவ்வூர் வீரர்களுக்கு நினைவுச் சின்னம் அமைக்கச் செல்லும் என்பது அன்றைய விதி. எனவே குழுவை விற்பதால் எவருக்கும் ஒரு காசும் ஆதாயமில்லை. இச்சிறு விதியே பிற்காலத்தில் பெருங்கோட்டைச் சுவராயிற்று.

அக்காலத்தில் சிற்றூர்க் குழுக்கள் பல இருந்தன. கேன்டன், ராக் ஐலண்டு, பாட்ஸ்வில், டுலூத் ஆகியவை அவற்றுட் சில. ஒவ்வொன்றாக மறைந்தன. டிகேட்டர் நகரத்துக் குழு சிகாகோவுக்குச் சென்று பேர்ஸ் என்னும் பெயர் பெற்றது. போர்ட்ஸ்மத் நகரத்துக் குழு 1934இல் டெட்ராய்ட்டுக்கு விற்கப்பட்டது. உரிமையாளர் ஒருவராயின், அவர் கை ஓயும் நாளில் குழுவும் ஓயும். கிரீன் பேயில் உரிமையாளர் ஊராராக இருந்தனர்.

முதல் உயரம்: 1929 முதல் 1944 வரை

1929ஆம் ஆண்டு, ஜானி பிளட் என்னும் மெக்நாலி, கால் ஹபர்டு, மைக் மிக்கல்ஸ்கி ஆகிய மூவர் வந்து சேர்ந்தனர். அப்பருவக் கணக்கு வெற்றி 12, சமன் 1, தோல்வி இல்லை. பதின்மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து எதிரணிகள் எடுத்தவை 22 புள்ளிகளே. முதற் பட்டம் வந்தது. 1930இலும் 1931இலும் பட்டங்கள் தொடர்ந்தன.

1932ஆம் ஆண்டின் கணக்கை வகுப்பில் கணிதப் பாடமாகவே நடத்தலாம். பேக்கர்ஸ் 10 வென்று, 3 தோற்று, 1 சமன் செய்தது. சிகாகோ பேர்ஸ் 7 வென்று, 1 தோற்று, 6 சமன் செய்தது. பட்டம் சிகாகோவுக்கு. காரணம் என்ன? சமன் ஆட்டங்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பது அன்றைய விதி. அவற்றை நீக்கினால் சிகாகோவுக்கு 8இல் 7; கிரீன் பேக்கு 13இல் 10. சமனை அரை வெற்றியாக எண்ணும் முறை 1972இல் வந்தது. அம்முறைப்படி கணக்கிட்டால் 14 ஆட்டங்களில் கிரீன் பேக்கு பத்தரை, சிகாகோவுக்குப் பத்து. எண்கள் மாறவில்லை, எண்ணும் விதிதான் மாறியது. எண்ணை நம்புமுன் விதியை ஆராய்க என்னும் பாடத்திற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பதரிது.

1933இல் 5 வெற்றி, 7 தோல்வி, 1 சமன். கழகத்தில் சேர்ந்த பின் தோல்வி மிகுந்த முதற் பருவம் இதுவே. துன்பம் தனியே வரவில்லை. 1931இல் பார்வையாளர் மேடையிலிருந்து விழுந்து காயமுற்ற ஒருவர் வழக்குத் தொடுத்து வென்றிருந்தார். தொகையைச் செலுத்த வேண்டிய காப்பீட்டு நிறுவனமோ நொடித்துப்போயிற்று. நாடெங்கும் பெரும் பொருளாதார மந்தம். நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரின் கையில் குழு சென்றது. 1935இல் ஊரார் மீண்டும் பங்கு வாங்கி 15,000 டாலர் திரட்டிக் கொடுத்தனர். வேலையிழந்தோர் மலிந்திருந்த காலத்தில் திரண்ட பணம் அது.

அதே 1935இல் அலபாமாவிலிருந்து டான் ஹட்சன் வந்தார். எறியப்படும் பந்தை ஓடிக்கொண்டே பிடிப்பதை ஒரு கலையாக்கியவர் அவர். எதிராளியை ஒரு திசையில் ஏமாற்றி மறு திசையில் விலகும் ஓட்ட வழிகளை வகுத்தார். பதினொரு பருவங்களில் 99 முறை பந்தைப் பிடித்து எல்லை சேர்த்தார். 1989 வரை அதனை எவராலும் கடக்க முடியவில்லை. அவர் காலத்தில் 1936, 1939, 1944 ஆகிய பருவங்களில் பட்டங்கள் வந்தன. 1939இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவை 27க்கு 0 என்று வென்றனர். 1938இல் அதே குழுவிடம் இறுதியாட்டத்தில் தோற்றிருந்தனர் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அவ்வெற்றியின் சுவை விளங்கும்.

சரிவும் ஊரின் உறுதியும்: 1945 முதல் 1958 வரை

1945 பருவத்தோடு ஹட்சன் ஓய்வு பெற்றார். 1946இல் போட்டிக் கழகமொன்று தோன்றியது. வீரர்களின் சம்பளம் ஏறியது. 1948இல் 3 வெற்றி, 9 தோல்வி. 1949இல் 2 வெற்றி, 10 தோல்வி. கையில் பணமில்லை. அவ்வாண்டு நன்றி நாளன்று குழுவினர் தமக்குள் இரு பிரிவாகப் பிரிந்து ஓர் ஆட்டம் ஆடினர். தோற்றுக்கொண்டிருந்த குழு தன்னோடு தானே ஆடுவதைக் காணக் குளிரில் மக்கள் திரண்டு வந்தனர். ஏறத்தாழ 50,000 டாலர் சேர்ந்தது.

அக்கட்டத்தில் லாம்போவே ஒரு மாற்று வழியை முன்வைத்தார். பொதுநல நிறுவனத்தை இலாப நிறுவனமாக மாற்றினால் தனியார் முதலீட்டாளர் பணம் போடுவர் என்பது அவர் கருத்து. குழுவைத் தோற்றுவித்தவர் அவர். ஆறு பட்டங்களைத் தேடித் தந்தவரும் அவரே. ஆயினும் நிருவாகக் குழு இணங்கவில்லை. 1950ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லாம்போ விலகிச் சிகாகோ சென்றார். ஒரு மனிதர் எத்துணைப் பெரியவராயினும் பொதுச் சொத்து அவரினும் பெரியது என்று ஊர் முடிவு செய்த நாள் அது. நன்றி மறந்த செயல் என்று அதனைக் கருதுவதற்கில்லை. பின்னாளில் அவர் மறைந்த ஆண்டாகிய 1965இல், ஊர் தன் விளையாட்டரங்கிற்கு லாம்போ திடல் என்றே பெயர் சூட்டியது.

1950இல் மூன்றாம் முறையாகப் பங்கு விற்பனை. பங்கு 25 டாலர். ஒருவர் 200 பங்குக்கு மேல் வாங்கலாகாது என்று வரம்பிட்டனர். செல்வர் ஒருவர் கைக்குக் குழு போய்விடக் கூடாது என்பதே நோக்கம். 1,18,000 டாலர் திரண்டது.

பணம் வந்தது, வெற்றி வரவில்லை. 1950, 1951 இரண்டிலும் 3 வெற்றி, 9 தோல்வி. 1952இல் ஆறுக்கு ஆறு. 1953இல் 2 வெற்றி மட்டும். 1954இல் 4, 1955இல் மீண்டும் ஆறுக்கு ஆறு, 1956இல் 4, 1957இல் 3. இந்த வறண்ட வரிகளின் நடுவே நிகழ்ந்த ஒன்றைப் பட்டியல் காட்டாது. பழைய திடல் தொழில்முறை ஆட்டத்திற்குப் போதாமற் போயிற்று. புதிய அரங்கம் இல்லையேல் குழு ஊரில் நிற்பது கடினம். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9,60,000 டாலர் கடன் பத்திரத்திற்கு ஊராரிடம் வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு ஆதரவு தேடிக் கிரீன் பேக்கு வந்து பேசியவருள் ஒருவர் சிகாகோ பேர்ஸ் குழுவின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸ். களத்தில் பரம்பரைப் பகைவர்; களத்திற்கு வெளியே பகைவனின் ஊரில் நின்று அவ்வூர்க் குழு வாழ வேண்டுமென்று வாக்குக் கேட்டார். எதிரி இல்லையேல் ஆட்டமே இல்லை என்பதை அறிந்த பெருந்தகை அவர். மூன்றில் இரு பங்குக்கும் மேலானோர் ஆதரித்து வாக்களித்தனர். 1957 செப்டம்பர் 29ஆம் நாள் திறப்பு விழா ஆட்டத்தில் அதே பேர்ஸ் குழுவைப் பேக்கர்ஸ் 21க்கு 17 என்று வென்றது.

அடுத்த பருவமே 1958: வெற்றி 1, தோல்வி 10, சமன் 1. மாணவன் விரல் வைத்த வரி இதுதான். புதிதாகக் கட்டிய அரங்கின் கடன் ஊரின் தலைமேல் இருந்தது. குழுவோ கழகத்தின் கடைசிப் படியில் கிடந்தது.

ஓர் ஆசிரியர் வருகிறார்: 1959 முதல் 1967 வரை

1959ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வின்ஸ் லொம்பார்டி என்பவரைப் பயிற்றுநராக அமர்த்தினர். புரூக்ளினில் இத்தாலியக் குடிவழியில் பிறந்தவர். அவருடைய முற்பணி நமக்கு உவப்பளிப்பது. நியூ ஜெர்சி மாநிலத்தில் புனித செசிலியா உயர்நிலைப் பள்ளியில் இலத்தீன் மொழியும் வேதியியலும் இயற்பியலும் கற்பித்துக்கொண்டே காற்பந்துப் பயிற்சியும் அளித்தவர் அவர். பின்னர்ப் படைத்துறைக் கல்லூரியிலும் நியூயார்க் குழுவிலும் துணைப் பயிற்றுநராக இருந்தார். தலைமைப் பொறுப்பு வந்து சேர்ந்தபோது வயது நாற்பத்தைந்து.

அவர் வந்தபோது இருந்த வீரர்களுட் பலர் 1958இல் தோற்ற அதே வீரர்களே. பார்ட் ஸ்டார் என்பவரைச் சான்றாகக் கொள்வோம். 1956ஆம் ஆண்டுத் தேர்வில் பதினேழாம் சுற்றில், 200ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அவரிடம் மறைந்து கிடந்த நுண்ணறிவைக் கண்டு வளர்த்தார் லொம்பார்டி. உத்திகள் பலவற்றை அவர் கற்பிக்கவில்லை. சிலவற்றையே ஆயிரம் முறை செய்யவைத்தார். 1960 பருவத்தின் இறுதியாட்டத்தில் ஃபிலடெல்ஃபியாவிடம் 17க்கு 13 என்று தோற்ற பின், அடுத்த ஆண்டுப் பயிற்சி முகாமின் முதல் நாளில், பந்தை உயர்த்திக் காட்டி இதுதான் பந்து என்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார் என்று கூறுவர். அகரத்திலிருந்து மீண்டும் தொடங்க அஞ்சாதவரே ஆசிரியர்.

கறுப்பின மக்களுக்குப் பல ஊர்களில் உணவகமும் விடுதியும் மறுக்கப்பட்ட காலம் அது. வீரர்களிடையே நிற வேறுபாடு பாராட்டக் கூடாது என்பதை லொம்பார்டி கண்டிப்பான விதியாக்கினார். வேற்றுமை காட்டும் விடுதிகளைத் தவிர்த்தார். வில்லி டேவிஸ், வில்லி வுட், ஹெர்ப் ஆடர்லி முதலிய கறுப்பின வீரர்கள் அவருடைய குழுவின் தூண்களாயினர்.

பயன் வரிகளில் தெரிகின்றது. 1959இல் 7 வெற்றி, 5 தோல்வி. 1960இல் 8, 4. 1961இல் 11, 3. இறுதியாட்டத்தில் நியூயார்க்கை 37க்கு 0. 1962இல் 13 வெற்றி, ஒரே தோல்வி; மீண்டும் பட்டம். 1963இலும் 1964இலும் பட்டம் தவறியது. 1965, 1966, 1967 மூன்றிலும் தொடர்ந்து பட்டம். 1967 சனவரியில் இரு கழகங்களின் முதல்வர்களும் மோதிய முதல் சூப்பர் பவுல் ஆட்டத்தில் கான்சஸ் சிட்டியை 35க்கு 10 என்று வென்றனர். அவ்வாண்டு இறுதி நாளில் டாலஸ் குழுவோடு நடந்த ஆட்டம் 'பனி ஆட்டம்' என்றே பெயர் பெற்றது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 25 செல்சியஸ் பாகை. திடலை வெதுப்பும் கருவி பழுதுபட்டுத் தரை கல்லாயிற்று. கடைசி நொடிகளில் ஸ்டார் தாமே பந்தை ஏந்திக் கோட்டைக் கடந்து 21க்கு 17 என்று வெற்றி தேடித் தந்தார்.

லொம்பார்டியின் திறத்தை எவ்வளவு போற்றினும் தகும். ஆயினும் சிற்றூரின் குழு நிலைபெற இன்னொரு காரணமும் உண்டு. 1961ஆம் ஆண்டு, கழகத் தலைவர் பீட் ரோசெலின் முயற்சியால், தொலைக்காட்சி வருவாயை எல்லாக் குழுக்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் முறை வந்தது. அதற்கு இடமளிக்கும் சட்டமும் அவ்வாண்டே நிறைவேறியது. நியூயார்க்குக்குக் கிடைக்கும் அதே தொகை கிரீன் பேக்கும் கிடைத்தது. மாநகர்க் குழுக்கள் இதற்கு இணங்கியது பெரிதும் பாராட்டத்தக்கது. சிறியவன் உழைத்தால் மட்டும் போதாது. பங்கீடும் நேர்மையாக இருத்தல் வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் மாணவர்க்கு அரை உண்மையையே கற்பித்தவராவோம்.

இருபத்து நான்கு ஆண்டுகள்: 1968 முதல் 1991 வரை

லொம்பார்டி 1967 பருவத்தோடு பயிற்றுநர் பொறுப்பை விட்டார், 1970இல் மறைந்தார். சூப்பர் பவுல் கோப்பை இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. அவருக்குப் பின் வந்த இருபத்து நான்கு பருவங்களில் வெற்றி தோல்வியை விஞ்சியவை ஐந்தே. இறுதிச் சுற்றுகளுக்குச் சென்றது 1972இலும் 1982இலும் மட்டும். களத்தில் ஈடிணையற்று விளங்கிய ஸ்டார் 1975 முதல் 1983 வரை பயிற்றுநராக இருந்தார். ஊர் அவரை நேசித்தது. அவரும் இயன்றவரை உழைத்தார். ஆயினும் தோல்விகளே மிகுந்தன. நன்றாகச் செய்பவர் அனைவரும் நன்றாகச் செய்விப்பவராக இருப்பதில்லை என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலில் கற்கும் பாடமன்றோ?

இவ்விருபத்து நான்கு ஆண்டுகளிலும் நிகழ்ந்த ஒன்று என் உள்ளத்தை மிகவும் தொட்டது. 1960 முதலே கிரீன் பே அரங்கின் பருவச் சீட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்து வந்தன. தோற்ற ஆண்டுகளிலும் இருக்கைகள் விற்காமல் நிற்கவில்லை. சீட்டு வேண்டிப் பெயர் பதிந்து காத்திருந்தோர் பட்டியல் நீண்டுகொண்டே சென்றது. தன் பிள்ளை தேர்வில் தவறினான் என்பதற்காக எந்தத் தாயும் சோறிடுவதை நிறுத்துவதில்லை.

மீண்டும் எழுச்சி: 1992க்குப் பின்

1991 இறுதியில் ரான் உல்ஃப் மேலாளராக வந்தார். 1992இல் மைக் ஹோம்கிரன் பயிற்றுநரானார். அட்லாண்டாவில் ஓரமாக அமர்ந்திருந்த பிரெட் ஃபாவ்ர் என்ற இளைஞரை உல்ஃப் வாங்கி வந்தார். 1993இல், எக்குழுவுக்கும் செல்ல உரிமை பெற்றிருந்த மாபெரும் வீரர் ரெஜி வைட், குளிர் மிகுந்த இச்சிற்றூரையே தேர்ந்தார். 1996 பருவத்தில் 13 வெற்றி, 3 தோல்வி. சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்தை 35க்கு 21 என்று வென்றனர். 29 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பட்டம் அது. 2010 பருவத்தில், ஏரன் ராஜர்ஸ் தலைமையில், தம் பிரிவின் கடைசி இடத்தில் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்து, பிட்ஸ்பர்க்கை 31க்கு 25 என்று வென்று பதின்மூன்றாம் பட்டம் பெற்றனர். அடுத்த பருவத்திலோ 15 வெற்றி, ஒரே தோல்வி; ஆயினும் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறினர். பட்டியலில் மிக அழகான வரி பட்டமில்லாத வரியாக நிற்கின்றது.

1997ஆம் ஆண்டிலும், 2011ஆம் ஆண்டிலும், 2021ஆம் ஆண்டிலும் மீண்டும் பங்குகள் விற்றனர். 1997இல் பங்கு 200 டாலர், 2021இல் 300. இன்று பங்குதாரர் 5 இலட்சத்துக்கும் மேல். பழைய பங்கு ஊரைக் காத்த பங்கு. புதிய பங்கு பெரும்பாலும் அன்பின் அடையாளம். இரண்டும் ஒன்றே என்று கூறுவது மிகையாகும். வீரரை எடுப்பதும் நீக்குவதும் பங்குதாரர் கையில் இல்லை. அவர்கள் ஆண்டுக் கூட்டத்தில் நிருவாகிகளைத் தேர்வர், கணக்கைக் கேட்பர். ஆனால் ஒன்று மட்டும் 1923இலிருந்து மாறவில்லை. இக்குழுவை வேறூருக்கு விற்றுப் பணம் பண்ண எவராலும் இயலாது. இவ்வகைப் பொதுவுடைமையைப் பிற குழுக்களுக்குக் கழக விதிகள் அனுமதிப்பதில்லை. பழைய குழு என்பதால் இதற்கு மட்டும் விலக்கு.

வினாவுக்கு விடை

மாணவனின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். 1958இல் அக்குழுவை ஏன் கலைக்கவில்லை? கலைத்தால் ஆதாயம் அடையக்கூடியவர் எவரும் இல்லை. இழப்படையக்கூடியவர் ஊரெல்லாம் இருந்தனர். அதுவே காரணம். வென்ற ஆண்டுகள் குழுவுக்குப் புகழைத் தந்தன. 1922, 1935, 1950 ஆகிய துயர் மிகுந்த ஆண்டுகளே அதற்கு ஆயுளைத் தந்தன. தேர் நிலைக்கு வந்த நாளை எல்லோரும் கொண்டாடுவர். சேற்றில் சக்கரம் புதைந்த நாளில் வடத்தை விடாதவர்களால்தான் தேர் நிலைக்கு வந்தது.

இதனை அறிந்த பின், வகுப்பில் ஒரு பயிற்சி செய்து பார்த்தேன். வெற்றி, தோல்வி, சமன் என்ற மூன்று பத்திகளுக்கு அருகே நான்காவதாக ஒரு வெற்றுப் பத்தி வரையச் சொன்னேன். அவ்வாண்டு யார் என்ன செய்தார் என்பதை அதில் எழுதச் சொன்னேன். வெற்றி ஆண்டுகளின் பத்தியை மாணவர்கள் விரைந்து நிரப்பினர். தோல்வி ஆண்டுகளுக்கு நூலைத் திரும்பத் திரும்பப் புரட்ட வேண்டியிருந்தது. வினா எழுப்பிய மாணவன் 1958இன் எதிரே நெடுநேரம் எழுதுகோலை வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "அரங்கத்தின் கடன் இருந்தது, யாரும் போகவில்லை" என்று எழுதினான்.

அதனைத் திருத்த எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.